உளுந்து நோயை அறியத் துளியளவு ஆர்.என்.ஏ. போதுமா?

(உளுந்தூர்பேட்டையில் உளுந்து சாகுபடியாளர்களுக்காக நடந்த பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



உளுந்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊரில் நின்று உளுந்தைப் பற்றிப் பேசுவது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, கொஞ்சம் அச்சமாகவும் இருக்கிறது. இந்தப் பயிரைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். பக்கத்தில் உளுந்தாண்டார்கோவிலில் மாஷபுரீசுவரர் கோயில் இருக்கிறது. வடமொழியில் மாஷம் என்றால் உளுந்து. மிளகு மூட்டையோடு வந்த வணிகர் மூட்டைக்குள் இருப்பது உளுந்து என்று பொய் சொன்னார் என்றும், மிளகெல்லாம் உளுந்தாகவே மாறிவிட்டது என்றும் தலக்கதை சொல்வார்கள். நான் இன்று பேச வந்திருப்பதும் மூட்டைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான். நோயுற்ற உளுந்து இலை ஒரு மூட்டை. அதற்குள் என்ன வைரஸ் இருக்கிறது, செடி அதை எதிர்த்து என்ன செய்கிறது என்று அவிழ்த்துப் பார்க்கும் வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

விஞ்ஞானிகள் இந்த வேலைக்கு "ஆர்.என்.ஏ. நூலகம் தயாரித்தல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் இது நமக்கான செய்தி இல்லை என்று எழுந்து போய்விட வேண்டாம். அந்த நூலகத்தின் முதல் வேலையை ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நாங்கள் செய்வதில்லை. வயலில் இலை பறிக்கும் நீங்கள்தான் செய்கிறீர்கள். அங்கே தவறினால் கோடி ரூபாய்க் கருவியும் சரியான விடை தராது.

எப்போது இந்த ஆய்வு தேவைப்படுகிறது?

உளுந்தில் மஞ்சள் தேமல் நோயை அறியாதவர் இங்கே இருக்க முடியாது. இளம் இலையில் மஞ்சள் புள்ளிகள் தோன்றும், பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுகள் விரியும், கடைசியில் செடி முழுதும் மஞ்சளாகிக் காயும் குறையும். இதை உண்டாக்கும் வைரசை வெள்ளை ஈ பரப்புகிறது. கோடையில் வெள்ளை ஈ பெருகும்போது நோயும் பெருகுகிறது. இந்த நோயைத் தாங்கி வளரும் வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 போன்ற இரகங்களைப் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனிலுள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையம் நமக்குத் தந்திருக்கிறது.

வழக்கமான மஞ்சள் தேமலை உறுதி செய்ய ஆர்.என்.ஏ. ஆய்வு வேண்டியதில்லை. அந்த வைரசின் மரபுப் பொருள் டி.என்.ஏ. எனவே பி.சி.ஆர். என்ற எளிய சோதனையே போதும். ஆனால் தாங்கி வளரும் இரகம் போட்ட வயலில் செடி குன்றி, இலை சுருண்டு, நுனி கருகினால் என்ன செய்வது? இரகம் கைவிட்டுவிட்டதா, விதையில் கலப்பா, அல்லது இது வேறு வைரசா? பெயர் தெரிந்த வைரசைத்தான் பி.சி.ஆர். தேடும். கதவைத் தட்டி "கந்தசாமி இருக்கிறாரா?" என்று கேட்பது போன்றது அது. வீட்டில் முருகேசன் இருந்தாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஆர்.என்.ஏ. நூலக ஆய்வோ வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லோரையும் எண்ணி எழுதும் குடிமதிப்புக் கணக்கைப் போன்றது. செலவு அதிகம். ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கில் ரூபாய் ஆகும். ஆகவே குழப்பமான, புதிதான, இரகத்தின் எதிர்காலத்தையே பாதிக்கும் நோய்களுக்குத்தான் இதைக் கையாள வேண்டும்.

ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

டி.என்.ஏ.வைச் செடியின் மூல ஆவணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கும் பத்திரத்தைப் போல அது செல்லின் உட்கருவில் இருக்கும். அன்றாட வேலைக்கு மூலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, நகல் எடுத்துக்கொண்டுதான் போவோம். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. இந்த நேரத்தில் எந்த வேலை நடக்கிறதோ அந்த வேலைக்கான நகல்களே செல்லில் மிகுந்திருக்கும். நோயுற்ற செடியில் நோயை எதிர்க்கும் வேலைக்கான நகல்கள் கூடும். பல வைரசுகளுக்கு மூல ஆவணமே ஆர்.என்.ஏ.தான். நிலக்கடலையில் மொட்டுக் கருகலை உண்டாக்கும் வைரஸ் அப்படிப்பட்டது. அதன் மரபுப் பொருள் மூன்று ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருக்கிறது. இலைப்பேன் அதைப் பரப்புகிறது. அந்த வைரஸ் நிலக்கடலையோடு நிற்பதில்லை, உளுந்தையும் தாக்கும். நிலக்கடலையும் உளுந்தும் அடுத்தடுத்த வயல்களில் வளரும் நமது பகுதியில் இதை மறக்கக் கூடாது.

ஆர்.என்.ஏ.வுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, எளிதில் அழிந்துவிடும். அதை வெட்டித் தின்னும் நொதி நமது கையிலும் எச்சிலிலும் தூசியிலும் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நொதி முழுதாகச் சாவதில்லை. இரண்டாவது குறை, நமக்கு வேண்டிய பகுதி மிகக் குறைவு. இலையிலிருந்து எடுக்கும் மொத்த ஆர்.என்.ஏ.வில் பெரும்பங்கு ரைபோசோம் ஆர்.என்.ஏ. அது எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள். செய்தி சொல்லும் தூது ஆர்.என்.ஏ. நூற்றில் 1 முதல் 5 பங்குதான். ஒரு மூட்டை பதரில் ஒரு படி மணி இருப்பது போல.

துளியளவு என்றால் எவ்வளவு?

ஒரு கிராமை 100 கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். அதை மறுபடி ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பிகோகிராம். வழக்கமான முறையில் நூலகம் தயாரிக்க 100 முதல் 1,000 நானோகிராம் வரை மொத்த ஆர்.என்.ஏ. கேட்பார்கள். நல்ல இளம் இலையில் இது எளிதாகக் கிடைக்கும். ஆனால் மூன்று சமயங்களில் கிடைப்பதில்லை.

முதலாவது, மஞ்சள் தேமல் வைரஸ் போன்றவை இலையின் எல்லாச் செல்லிலும் சமமாகப் பரவுவதில்லை. உணவைக் கொண்டு செல்லும் பட்டைக் குழாய்களில்தான் பெரும்பாலும் தங்குகின்றன. அந்தச் செல்களை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் லேசர் கதிரால் வெட்டி எடுத்தால் கிடைப்பது மிகச் சிலவே. இரண்டாவது, ஒரே ஒரு வெள்ளை ஈயை ஆராய வேண்டியிருக்கும். அதன் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். மூன்றாவதுதான் நமக்கு மிகவும் பழக்கமானது. இலை நிறைய வந்திருக்கும், ஆனால் வழியிலேயே வெந்து அழுகிப்போய், உருப்படியான ஆர்.என்.ஏ. சொற்பமே மிஞ்சியிருக்கும்.

விலங்குச் செல் ஒன்றில் மொத்த ஆர்.என்.ஏ. 10 முதல் 30 பிகோகிராம் வரை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். 2009-ஆம் ஆண்டில் எலிக் கருவின் ஒரே ஒரு செல்லிலிருந்து தூது ஆர்.என்.ஏ. முழுவதையும் படித்துக் காட்டினார்கள். 2012, 2013-ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று அம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார்கள். எனவே துளியளவு போதுமா என்று கேட்டால், போதும் என்பதே விடை. ஆனால் அந்தத் துளியை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நூலகம் தயாராகும் விதம்

முதற்படி, இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்கி ஆர்.என்.ஏ.வைப் பிரிப்பது. திரவ நைட்ரஜனின் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் வெட்டும் நொதியால் வேலை செய்ய முடியாது. கூடவே வரும் டி.என்.ஏ.வை ஒரு நொதியால் நீக்கிவிட வேண்டும். பிறகு எவ்வளவு இருக்கிறது, எந்த அளவுக்கு உடையாமல் இருக்கிறது என்று அளக்க வேண்டும். துளியளவு மாதிரியில் சாதாரண ஒளி அளவி ஏமாற்றும். ஆர்.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கொண்டு அளப்பதே நம்பத்தகுந்தது.

இரண்டாவது படி, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதுவது. படிக்கும் கருவிக்கு டி.என்.ஏ.தான் எளிது, அது கெட்டுப்போகாமலும் நிற்கும். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதும் நொதி இருப்பதை 1970-ஆம் ஆண்டில் டெமின், பால்டிமோர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டார்கள். 1975-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். இன்று ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படும் நொதி, எலிகளுக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரசிடமிருந்து கிடைத்தது. வைரசைப் பிடிக்க வைரசின் கருவியே உதவுகிறது.

இந்த நொதிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆர்.என்.ஏ. இழையின் முனையை எட்டியதும், தானாகவே இரண்டு மூன்று எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டுத்தான் நிற்கும். அந்த எழுத்துகளோடு இணையும்படி செய்த சிறு இழை ஒன்றைக் கலவையில் போட்டு வைத்தால், நொதி அதில் தாவி அதையும் சேர்த்து எழுதிவிடும். இதனால் எழுதப்பட்ட ஒவ்வொரு இழையின் இரு முனையிலும் நமக்குத் தெரிந்த பிடி கிடைக்கிறது. வைக்கோல் கட்டுக்கு இரு பக்கமும் கயிறு போட்டால் தூக்குவது எளிதல்லவா? அதைப் போலத்தான். இடையில் கழுவி வடித்து இழக்கும் படிகள் குறைவதால் துளியளவு மாதிரிக்கு இந்த முறை ஏற்றது.

மூன்றாவது படி பெருக்கம். இது உங்களுக்கு நன்றாகப் புரியும். வல்லுநர் கையில் உள்ள சில கிலோ விதையிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்று பெருக்கித்தானே ஊர் முழுதும் தருகிறோம்! அதுபோல டி.என்.ஏ.வை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறோம். 10 சுற்றில் ஒன்று 1,024 ஆகும். 20 சுற்றில் 10 லட்சத்தையும் தாண்டும்.

பெருக்கத்தில் உள்ள மூன்று ஆபத்துகள்

விதைப் பெருக்கத்தில் நீங்கள் அஞ்சும் அதே ஆபத்துகள் இங்கேயும் உண்டு.

முதல் ஆபத்து, முளைக்காமல் போவது. ஆர்.என்.ஏ. எல்லாமே டி.என்.ஏ.வாக மாறிவிடுவதில்லை. நூற்றுக்கு 20 விதைதான் முளைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரகத்தில் மூன்றே விதைதான் இருந்தால், மூன்றும் முளைக்காமல் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அப்படிப் போனதை எத்தனை சுற்றுப் பெருக்கினாலும் திரும்பப் பெற முடியாது. பெருக்கம் இருப்பதைத்தான் பெருக்கும். இல்லாததை உண்டாக்காது.

இரண்டாவது ஆபத்து, பெருக்கத்தை விளைச்சல் என்று நினைப்பது. ஒரு ஆட்டுக்குட்டியை ஆயிரம் தடவை எண்ணினால் ஆயிரம் ஆடு ஆகாது. ஒரே இழையின் நகல்களைக் கருவி ஆயிரம் முறை படித்து, ஆயிரம் இழை இருந்ததாகக் கணக்குக் காட்டும். இதைத் தடுக்க, பெருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி அடையாள எழுத்துகளைக் கோத்துவிடுகிறார்கள். மந்தையில் சேர்ப்பதற்கு முன் ஆட்டின் காதில் எண் வில்லை போடுவதைப் போல. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரே ஆடுதான்.

மூன்றாவது ஆபத்து, களையும் கலப்பும். இழைகளைக் கருவியில் ஏற்றச் சிறு இணைப்புத் துண்டுகளை ஒட்ட வேண்டும். மாதிரி குறைவாக இருந்தால் இணைப்புத் துண்டுகள் ஒன்றோடொன்றே ஒட்டிக்கொள்ளும். அவை நீளம் குறைந்தவை, ஆதலால் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும். களை பயிரை அமுக்குவது இதுதான். எனவே மாதிரியின் அளவுக்கேற்ப இணைப்புத் துண்டையும் குறைக்க வேண்டும், காந்தத் துகள்களைக் கொண்டு குட்டையானவற்றை வடித்துக் களைய வேண்டும். ஆனால் ஒவ்வொரு களையெடுப்பிலும் கொஞ்சம் பயிரும் மிதிபடும். அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கலப்பைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. மாதிரிகளோடு வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றையும் எல்லாப் படியிலும் கூடவே நடத்த வேண்டும். விதைக்காத பாத்தியில் ஏதாவது முளைத்தால், அது முன்பே மண்ணில் கிடந்த விதை என்று அறிவோமல்லவா? அதுபோலத் தண்ணீர்க் குழாயில் வைரஸ் தெரிந்தால், மற்றக் குழாய்களில் தெரிவதையும் சந்தேகிக்க வேண்டும். துளியளவு மாதிரியில் இந்தச் சோதனையை விட்டுவிட்டுச் சொல்லும் எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.

எங்கள் தவறு ஒன்று

இனி நான் சொல்லப்போவது பெருமையாகச் சொல்வதற்கு உரியதன்று. ஆயினும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியிலிருந்து ஓர் உழவர் வந்தார். மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து இரகம் போட்டிருந்தார். செடி குன்றி, இலை சுருண்டு, நரம்பு பழுத்திருந்தது. சித்திரை வெயிலில், பாலிதீன் பையில் இலையைப் போட்டு, இரண்டு பேருந்து மாறி எடுத்து வந்திருந்தார். பையைத் திறந்தபோது உள்ளே வியர்த்திருந்தது. இலை கீரை வெந்ததுபோல் இருந்தது.

புதிதாக இலை கொண்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அப்போது நான் பணியாற்றிய ஆய்வுக்கூடத்தில் பி.சி.ஆர். செய்தோம். மஞ்சள் தேமல் வைரஸ் இல்லை. மிஞ்சிய சில நானோகிராம் ஆர்.என்.ஏ.வை நூலகமாக்கினோம். கைவசம் இருந்தது தூது ஆர்.என்.ஏ.வின் வாலைப் பிடித்து இழுக்கும் முறை. செடியின் தூது ஆர்.என்.ஏ.வின் முடிவில் ஒரே எழுத்து வரிசையாக நீண்ட வால் இருக்கும், அதைப் பிடித்தால் மற்றவை கழிந்து போகும். வேலை சுலபம். சுற்றுகளைக் கூட்டிப் பெருக்கினோம். இலட்சக்கணக்கான வரிகள் வந்தன. எல்லாம் உளுந்துச் செடியின் வரிகள். "வைரஸ் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தோம்.

அந்தத் தாளை நம்பி அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊட்டச்சத்துக் குறை என்று யாரோ சொல்ல, அதற்குச் செலவு செய்தார். வெள்ளை ஈக்கு மருந்தடித்தார். இரகத்தின் மேல் பழி போட்டு அதைக் கைவிட்டார். அடுத்த கோடையிலும் பயிர் அப்படியே போயிற்று. மறுபடி வந்தபோது கோபப்படவில்லை. "நீங்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்தீர்களே ஐயா" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த முறை நாங்களே அவர் வயலுக்குப் போனோம். காலையில் இளம் இலை எடுத்தோம். ஐந்து செடியைத் தனித்தனியாக, நல்ல செடி ஒன்றையும் சேர்த்து, பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டு வந்தோம். வாலைப் பிடிக்கும் முறையைக் கைவிட்டு, ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை மட்டும் நீக்கி, மீதி எல்லாவற்றையும் எழுதும் முறையைக் கையாண்டோம். நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வரப்பில் நிலக்கடலை இருந்தது. பரப்பியது இலைப்பேன்.

எங்கள் தவறு எங்கே என்று பாருங்கள். அந்த வைரசின் ஆர்.என்.ஏ.வுக்கு வால் இல்லை. வாலைப் பிடித்து இழுத்த கைக்கு வாலில்லாதது அகப்படுமா? முதல் முறையிலும் வைரஸ் இலையில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் அதை வடிகட்டிக் கீழே ஊற்றிவிட்டோம். போதாக்குறைக்கு ஆர்.என்.ஏ.வும் உடைந்துபோயிருந்தது. நாங்கள் எழுதியிருக்க வேண்டிய முடிவு, "இந்த மாதிரியில், இந்த முறையில் தெரியவில்லை, புதிய மாதிரி தேவை" என்பதே. "இல்லை" என்பதற்கும் "தெரியவில்லை" என்பதற்கும் இடையில் ஓர் உழவரின் ஒரு பருவ உழைப்பு போயிற்று.

ஆய்வு அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது தயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். மாதிரி நல்ல நிலையில் இருந்ததா? வால் இல்லாத வைரசும் தெரியும் முறையில் பார்த்தீர்களா? கேட்பது உங்கள் உரிமை.

உளுந்தும் ஆர்.என்.ஏ.வும்: தமிழகம் கண்ட பாதை

இந்த ஆராய்ச்சியில் நமது உளுந்துக்குத் தனி இடம் உண்டு. மஞ்சள் தேமல் வைரசை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலுத்தம்பி குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2003-ஆம் ஆண்டில் அவர்களும் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகர ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு செய்தியை வெளியிட்டார்கள். வைரசின் ஒரு பகுதியை ஒத்த இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும் டி.என்.ஏ.வை, நோயுற்ற உளுந்துச் செடிக்குள் நுண்துகள்களால் செலுத்தினார்கள். பல செடிகள் நோயிலிருந்து மீண்டன. இது ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை, கடையில் கிடைக்கும் மருந்தன்று. ஆயினும் டி.என்.ஏ. வைரசையும் ஆர்.என்.ஏ.வால் அடக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது நமது உளுந்துச் செடிதான்.

செடிக்கு இது புதிதன்று. வைரஸ் நுழைந்ததும் செடி அதன் ஆர்.என்.ஏ.வை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றையே அடையாளமாக வைத்துக்கொண்டு மேலும் வரும் வைரசை வேட்டையாடும். இந்தச் சிறு துண்டுகளை மட்டும் நூலகமாக்கிப் படித்தால், செடியைத் தாக்கிய வைரஸ் எதுவென்று திரும்பக் கோத்துவிடலாம். பெரு நாட்டிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 2009-இல் சர்க்கரைவள்ளிச் செடியில் இதைச் செய்து காட்டினார்கள். டி.என்.ஏ. வைரஸ், ஆர்.என்.ஏ. வைரஸ், வால் உள்ளது, இல்லாதது என்ற பேதமின்றி எல்லாம் இதில் அகப்படும்.

மாதிரி எடுக்க நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ செடியைக் காட்டுங்கள். ஆய்வு தேவையா, எங்கே அனுப்புவது என்று அவர்கள் சொல்வார்கள். கேட்காமல் இலையைப் பறித்துக்கொண்டு புறப்பட வேண்டாம்.

2. காலை வெயில் ஏறுமுன் எடுங்கள். நோய்க்குறி புதிதாகத் தோன்றும் இளம் இலையே ஏற்றது. முற்றிக் காய்ந்த இலையில் ஆர்.என்.ஏ. மிஞ்சியிராது.

3. வயலின் வெவ்வேறு இடங்களில் ஐந்து செடியிலிருந்து தனித்தனியாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே உறையில் கலக்க வேண்டாம். அதே வயலில் நோயில்லாத செடி ஒன்றின் இலையையும் கட்டாயம் எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

4. இலையைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். வெற்றிலை மென்றுகொண்டோ, புகைத்துக்கொண்டோ எடுக்க வேண்டாம். சுத்தமான கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

5. காகித உறையில் வைத்து, உறையை ஒரு பையில் இட்டு, பனிக்கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். இலை பனிக்கட்டியில் நேரே படக்கூடாது, நனையவும் கூடாது. அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

6. தொலைவு அதிகமானால், ஆர்.என்.ஏ.வைக் காக்கும் திரவத்தை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். இலையை அரை சென்டிமீட்டருக்கு மேல் பருமன் இல்லாதபடி நறுக்கி, இலையின் அளவைப்போல் குறைந்தது ஐந்து பங்கு திரவத்தில் அமுக்கி வைக்க வேண்டும். இவ்வகைத் திரவத்தில் பொதுவாக 25 டிகிரி செல்சியசில் ஒரு வாரமும் 4 டிகிரியில் ஒரு மாதமும் கெடாது. ஆனால் 37 டிகிரியில் ஒரு நாள்தான் தாங்கும். நமது ஊர்க் கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். திரவத்தில் போட்டுவிட்டோம் என்று வண்டிப் பெட்டியில் மறந்துவிட வேண்டாம்.

7. உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரையும். ஊர், இரகம், விதை வாங்கிய இடம், விதைத்த நாள், நோய் தோன்றிய நாள், அடித்த மருந்தும் தேதியும், வரப்புக்கு அப்பால் என்ன பயிர் என்பவை எல்லாம் வேண்டும்.

ஏழாவதைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த விதையைப் போட்டுவிட்டு, சான்று விதை என்று எழுதுவோர் உண்டு. இரண்டு முறை மருந்தடித்துவிட்டு அடிக்கவில்லை என்போரும் உண்டு. யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை. ஆனால் நாங்கள் அந்தக் குறிப்பை நம்பித்தான் முடிவைப் படிக்கிறோம். குறிப்பு பொய்யானால் விடையும் பொய்யாகும். மிளகு மூட்டை வணிகரின் கதை இங்கே பொருந்தும்.

விடை வரும் வரை

ஆய்வு முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நோயுற்ற செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழியுங்கள். வரப்புக் களைகளை நீக்குங்கள், வெள்ளை ஈயும் இலைப்பேனும் அங்கேதான் பதுங்கும். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினால் வெள்ளை ஈ வந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். இளம் கொழுந்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள், இலைப்பேன் இருந்தால் விழுந்து நகரும். அடுத்த பருவத்துக்கு ஓரத்தில் மக்காச்சோளத்தைத் தடுப்புப் பயிராக நெருக்கி விதையுங்கள். மருந்து தேவையானால் எந்தப் பூச்சி என்று தெரிந்துகொண்டு, பரிந்துரைத்த அளவில் மட்டும் அடியுங்கள்.

நோயுற்ற செடியின் மணியை அடுத்த பருவ விதைக்கு எடுத்து வைக்கவே வேண்டாம்.

முடிவாக

உழவர் பெருமக்களே, உங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி மாதிரி எடுத்து, அதை வைத்துத்தான் மூட்டை முழுவதற்கும் விலை சொல்கிறார்கள். கைப்பிடி சரியாக இருந்தால் விலையும் சரியாக இருக்கும். நாங்களும் அதே வேலையைத்தான் செய்கிறோம். எங்கள் கைப்பிடி மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதை உடையாமல் எடுத்து, அளவோடு பெருக்கி, அதிலுள்ளதை மட்டுமே சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. அதை வாடாமல் கொண்டு வந்து, உண்மையை எழுதித் தர வேண்டியது உங்கள் பொறுப்பு.

அந்த உழவர் இப்போது மறுபடியும் தாங்கும் இரகத்தையே போடுகிறார். நிலக்கடலை வயலிலிருந்து உளுந்தைத் தள்ளி விதைக்கிறார். சென்ற பருவத்தில் இலை சுருண்ட ஐந்தாறு செடிகளைக் கண்டதும் பிடுங்கிவிட்டு, இரண்டு இலையைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எனக்கு அனுப்பியிருந்தார். உறையின் மேல் பென்சிலால் எல்லா விவரமும் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதவும்."

அப்படியே எழுதுவோம்.